ஏற்காட்டில் நாய், பூனை வளர்க்கிறீர்களா? அவசரத்துக்கு எங்கே போவது, என் அனுபவம்

காபித் தோட்டத்துக்குள் வீடு, ஒரு நாட்டு நாய், ஒரு கடுவன் பூனை. பல வருடமாக இவற்றைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஓடியிருக்கிறேன். மலையில் இருப்பவர்கள் வண்டியை எடுக்கும் முன் போனை எடுக்க வேண்டும், அதுதான் நான் அழுத்திச் சொல்வது.

1962 கட்டணமில்லா எண். அது முக்கியமாக ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்காக ஓடும் கால்நடைத் துறையின் ஆம்புலன்ஸ் சேவை. பக்கத்துத் தோட்டத்துப் பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது வந்து காப்பாற்றினார்கள், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ராத்திரி மூச்சு இழுக்கும் நாயை வைத்துக்கொண்டு அந்த வண்டிக்காகக் காத்திருக்காதீர்கள்.

சேலத்தில் பகலில் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை, சிக்கல் எல்லாம் இரவில்தான். 24 மணி நேரம் என்று பலகை வைத்திருந்த ஓர் இடத்துக்கு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனால் ஷட்டர் சாத்திக் கிடக்கிறது, "டாக்டர் காலையிலதாங்க வருவாரு" என்கிறார் வாட்ச்மேன். எவ்வளவு கோபம் வந்திருக்கும்! டாக்டர் இப்போது அங்கே இருக்கிறாரா, ஆக்சிஜன் உண்டா, பாம்புக்கடி ஊசி கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

பாம்புக்கடி ஊசி என்று நாம் சொல்வது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து வருகிற ஒரே மருந்து. நம் மலையில் செடிகொடிகளில் பச்சையாகச் சுருண்டிருக்கும் மூங்கில் விரியன் அந்தக் கணக்கில் வராது, அதன் கடிக்கு வீக்கத்தையும் வலியையும் பார்த்துத்தான் வைத்தியம். அதனால் பாம்பை அடிக்கப் போகாமல் தள்ளி நின்று ஒரு போட்டோ எடுத்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்க விடாமல் தூக்கிப் போங்கள்.

பெரிய வைத்தியத்துக்கு என் ஓட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான். சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கூட்டம் இருக்கும், ஒரே கேள்வியை மாணவர்கள் மாற்றி மாற்றிக் கேட்பார்கள், ஆனால் அவசரப்படாமல் முழுசாகப் பார்க்கிறார்கள். உண்ணிக் காய்ச்சலில் ஈறெல்லாம் வெளுத்துப்போன எங்கள் நாய் பிழைத்தது அங்கேதான். ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைவாசல் கல்லூரி கிட்டம்.

பூனைக்காரர்களுக்கு ஒன்று. கடுவன் மூத்திரத்துக்கு முக்கி முக்கிச் சொட்டுக்கூட வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். வலிக்கிறதே என்று நம் பாரசிட்டமாலைக் கொடுத்தால் அதுவே பூனைக்கு விஷம்.

அப்புறம், நாயை ஏற்றச் சம்மதிக்கும் டாக்சிக்காரர் ஒருவரின் எண்ணை இப்போதே வாங்கி, ராத்திரி வாடகையையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தால் குப்பனூர் வழியாக இறங்கத் தெரிந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது.