எஞ்சின் மாற்றிய வண்டி எழவில்லை: டெஸ்ட் பல்பா, மீட்டரா, ஸ்கேனரா, ஸ்கோப்பா?

சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தையில் வாங்கிய எஞ்சினோ, ரீபோர் முடிந்து வந்த எஞ்சினோ, இறக்கி மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் வண்டி எழவில்லை. உடனே எல்லோரும் தேடுவது ஸ்கேனரைத்தான். ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் நின்றுபோனால் அது சரி. எஞ்சின் மாற்றிய வண்டிக்குக் கணக்கே வேறு. போன வாரம்வரை ஒழுங்காக இருந்த வயரிங்கும் பம்பும் ஷெட்டுக்குள் நின்றபடியே கெட்டுப்போவது அபூர்வம். கை பட்ட இடம்தான் சந்தேகத்துக்கு உரியது: கழற்றிய எர்த், பிடுங்கிய கப்ளர், நசுங்கிய வயர், பொருந்தாத பாகம். இவற்றைக் கண்டுபிடிக்க எந்தக் கருவி உதவும், எது ஏமாற்றும் என்று பார்ப்போம்.

கருவிக்கு முன்னால் ஒரு கேள்வி. செல்ஃப் சுற்றுகிறதா? இல்லையென்றால் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கைக்கும் அசையாத எஞ்சினுக்கு வயரிங்கில் தேடுவது வீண். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் முழுசாக உள்ளே உட்காராமல் கியர்பாக்ஸ் ஹவுசிங் போல்ட்டை இறுக்கினால் இப்படித்தான் இறுகிப்போகும். அந்நேரம் கியர்பாக்ஸ் ஆயில் பம்பும் உடைந்திருக்கலாம்.

பல்பும் மீட்டரும்

எஞ்சினை பேட்டரி நெகட்டிவ்வோடு இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்த வண்டியின் குணம் தனி. டாஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், இல்லாவிட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான். செல்ஃப் இழுக்கும் நூறுக்கும் மேற்பட்ட ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாமல் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாயும். கேபிளின் மேலுறை சூடாகி இளகியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பட்டை இருக்கிறது, ஆனால் பிடிப்பு சரியில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாது. இங்கே மீட்டரை மிஞ்ச ஆளில்லை. 20 வோல்ட் டிசி ஸ்கேலில் வைத்து, சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும், கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயத் தலையிலேயே. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. 0.5 தாண்டினால் பட்டையைக் கழற்றிச் சுரண்டியாக வேண்டும். பல வோல்ட் காட்டினால் பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான். பெயின்ட் அடித்துப் புதுசு போல வந்த எஞ்சினில் இது சாதாரணமாக நடக்கும். பட்டையின் முனையிலுள்ள லக்குக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருக்கும். இதே சோதனையை பேட்டரி பாசிட்டிவ் தலைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் செய்யுங்கள், அங்கே 0.5 வரை விடலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரித் தலையிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.

மீட்டர் பொய் சொல்லும் இடமும் உண்டு. உள்ளே அரித்துப்போய் அரைகுறையாகத் தொடும் வயரிலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டே இழுப்பதில்லை. அங்கே 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரை வைத்துக் கட்டிய டெஸ்ட் பல்புதான் உண்மை பேசும். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுப்பதால், அரைகுறை வயரில் மங்கிவிடும். இசியூ (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) மெயின் ரிலே, ஃபியூயல் பம்ப், இக்னிஷன் காயில் ஆகியவற்றுக்கு வரும் சப்ளையைப் பல்பிலேயே பாருங்கள். ஆனால் 5 வோல்ட் சென்சார் வயர், இசியூக்கள் தங்களுக்குள் பேசும் கேன் வயர், மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர், இந்த மூன்றின் பக்கமும் பல்பைக் கொண்டுபோகக் கூடாது. இன்னொன்று: கப்ளரின் வாய்ப்பக்கம் முனையைத் திணித்தால் பின் விரிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக வரும். பின்பக்கமாகவே தொடுங்கள்.

ஸ்கேனர்

‘தொடர்பு இல்லை’ என்று ஸ்கேனர் சொன்னால் அது வேறெதையும் சொல்லவில்லை. திரும்பவும் மீட்டர்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் கேன் வயர் வரும் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும், 120 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இணையாக (பேரலலாக) இருப்பதால். 120 வந்தால் ஒன்று கழன்றிருக்கிறது. பல வண்டிகளில் அந்த ஒன்று இசியூவுக்குள் இருப்பது, எனவே இசியூ கப்ளரின் லாக் முழுசாக விழுந்ததா என்று போய்ப் பாருங்கள்.

தொடர்பு கிடைத்தால் முதல் வேலை, உள்ளே கிடக்கும் கோளாறு எண் (கோடு) எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அழிப்பது. கப்ளர் மாட்டாதபோது யாரோ சாவியைப் போட்டதில் விழுந்த கோடுதான் பாதி. அழித்துவிட்டு பத்து வினாடி செல்ஃப் அடித்த பிறகு வருவதுதான் கணக்கு.

அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்கள். 150 முதல் 300 வரை காட்டினால், எஞ்சின் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் பேசுகிறது. பூஜ்யத்திலேயே நின்றால் பி0335 என்ற கிராங்க் சென்சார் கோடு கூடவே வரும். அதைப் பார்த்ததும் புது சென்சார் வாங்க ஓடாதீர்கள். அதன் வயர் பிளாக்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேனருக்கு மாற்றே இல்லாத இடம், தெரியாத சாவிக்கு எஞ்சினை எழவிடாத இம்மொபிலைசர். வேறு வண்டியின் இசியூவையும் சேர்த்து மாட்டினால் அதற்கு உங்கள் சாவியைத் தெரியாது. சில வண்டி ஒரு வினாடி பற்றி அணையும். சிலவற்றில் இன்ஜெக்டருக்குப் பல்ஸே வராது. சிலவற்றில் செல்ஃபே சுற்றாது. மலிவான புளூடூத் அடாப்டர் எஞ்சின் கோடு வரைதான் போகும், இம்மொபிலைசரை எட்டாது. எஞ்சின் அதே வகை என்றால் பழைய இசியூவையே வைத்துக்கொள்வது உத்தமம். இல்லையென்றால் இசியூ, இம்மொபிலைசர் பெட்டி, சாவிச் சிப் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன்ரெயில் வண்டியிலும் ஸ்கேனரே மேல். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் ஏறக்குறைய 200 பாரையாவது எட்டாமல் இன்ஜெக்டர் திறக்காது. 40, 50 பாரிலேயே தள்ளாடினால் பெரும்பாலும் காற்று. ஹேண்ட் பிரைமர் கல் மாதிரி இறுகும்வரை அடியுங்கள். பழைய டீசலுக்குச் செய்ததுபோல ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்திக் காற்றெடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புது இன்ஜெக்டரின் மேலுள்ள கோடு எண்ணை இசியூவில் போடாததால் பொதுவாக ஸ்டார்ட் தடைபடாது. ஐடிலில் உதறும், புகை வரும்.

ஸ்கோப்

சிக்னலின் வோல்ட்டேஜை அலையாக வரைந்து காட்டும் கருவி இது, ஊருக்கு ஒன்றிரண்டு ஷெட்டில்தான் இருக்கும். சப்ளை, எர்த், ஸ்பார்க், 3 முதல் 4 பார் பெட்ரோல் பிரஷர் எல்லாம் சரி, ஆர்பிஎம்மும் வருகிறது, இருந்தும் எழவில்லை என்கிற இடத்தில்தான் இதற்கு வேலை. ஒரு சேனலில் கிராங்க், மற்றதில் கேம் சிக்னலை வைத்து, ஓடும் அதே மாடல் வண்டியின் அலையோடு ஒப்பிட்டால் டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருப்பது கவரைத் திறக்காமலே தெரியும். செல்ஃப் கேபிளில் கரண்ட் கிளாம்ப் போட்டால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மேடு வரும். ஒரு மேடு குட்டையாக இருந்தால் அந்த சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைவு.

மற்ற மூன்றும் தவறவிடும் ஒரு கோளாறையும் ஸ்கோப் காட்டும்: பொருந்தாத டிரிகர் வீல், அதாவது கிராங்க் சென்சார் எண்ணும் பல் சக்கரம். இசியூ எதிர்பார்ப்பது 60-2 (60 பல் இடத்தில் இரண்டு இல்லாதது), வந்த எஞ்சினிலோ ஃப்ளைவீலிலோ இருப்பது 36-1 என்றால் சென்சார், வயர், சப்ளை எல்லாம் தேறும். எந்தப் பல் எங்கே என்று இசியூவுக்குத்தான் புரியாது. வீல் ஃப்ளைவீல் பக்கம் இருந்தால், பழைய எஞ்சினின் வீலை எடுத்து மாட்ட கியர்பாக்ஸை மறுபடி இறக்கியாக வேண்டும். 60-2 என்றால் 58 பல், 36-1 என்றால் 35. எஞ்சின் செயின் பிளாக்கில் தொங்கும்போதே எண்ணிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடியும்.