அடீனியம் வாங்கலாமா என்று கேட்டவருக்கு

நர்சரிகளில் அடீனியம் (பாலைவன ரோஜா என்கிறார்களே, அந்தப் பூச்செடி) விலை இறங்கிவிட்டதாம், வாங்கலாமா என்று கீழ்வீட்டு நண்பர் கேட்டார். சென்னையில் மொட்டை மாடியில் பல வருடமாக வளர்க்கிறேன். எந்தத் தொட்டி, எத்தனை மணி நேர வெயில் என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு எரிச்சல் ஒன்றில்தான். "தண்ணியே ஊத்த வேணாம் சார்" என்று சொல்லியே இதை விற்கிறார்கள்.

ஊற்றாவிட்டால் சாகாது, உண்மை. பருத்த அடித்தண்டில் சேர்த்து வைத்ததைக் கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடும். ஆனால் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பூவுக்காகத்தானே வாங்குகிறோம்? சித்திரையில் சின்னத் தொட்டிகளுக்குத் தினமும் காலையில் ஊற்றுகிறேன். மாடியில் கால் வைக்க முடியாத அந்த வெயிலில் ரோஜா கருகிக்கொண்டிருக்கும், இது கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஐப்பசி வந்தால்தான் தெரியும் சேதி. சஹாராவுக்குத் தெற்கிலும் அரேபியாவிலும் பிறந்த செடி இது. நமக்கோ வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். போதாததற்கு நர்சரிக்காரர்கள் முழுக்கக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த் தூளில்) வைத்துத் தருகிறார்கள். நனைந்தால் நாள்கணக்கில் காயாது. வாங்கிய கையோடு அதை உதறிவிட்டு, ஆற்று மணலும் செங்கல் சில்லும் பாதிக்கு மேல் கலந்து மாற்றி வைக்க வேண்டும்.

அப்படி மாற்றியதிலேயே ஒன்று போன மழையில் அழுகியது. அடித்தண்டை அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே போகிறது. தோல் வழுக்கிக்கொண்டு பழுப்புத் தண்ணீர் கசிகிறது, புளித்த நாற்றம் வேறு. பிடுங்கி, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத வெள்ளைச் சதை தெரியும்வரை சீவினேன். வேர் என்று எதுவும் மிஞ்சவில்லை. பூஞ்சைக்கொல்லிப் பொடியைக் குழைத்துப் பூசி, வெட்டு காயும்வரை நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிறகு காய்ந்த மணலில் வைத்தேன். மாசியில் துளிர்த்து இப்போது பூத்தும்விட்டது! (சீவும்போது வடியும் பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அரளிக் குடும்பம் இது. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் பூசிய விஷம்.)

ஒட்டுச்செடி என்றால் ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டால் அடுக்குப் பூவுக்குக் கொடுத்த காசுக்குச் சாதா பூதான் மிஞ்சும். தலைப்பக்கம் நீலக் கண் போட்ட பச்சைப் புழுவையும் பார்த்த இடத்தில் எடுத்துவிடுங்கள். ஒரே ராத்திரியில் கிளையை மொட்டையடித்துவிடும்.

மழைக்கு ஒதுக்கி வைக்க ஷீட் போட்ட இடம் இல்லாவிட்டால் வாங்கவே வாங்காதீர்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் அப்படி இடம் கிடையாது. என் வீட்டிலும் கிடையாது. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளை மாடிப்படிக்கு இறக்கிவிட்டு, ஏறி இறங்குகிறவர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம். கருஞ்சிவப்பு அடுக்கு ஒன்றுக்கு நர்சரியில் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கும் சேர்த்து ரெண்டாகச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறேன்.