மெட்-என்கெஃபலின் தூள்: தரம் நன்று, தகவல் போதாது

வளரும் சிறுமூளையின் உயிரணுக்கள் பெருகும் வேகத்தை அளக்கும் வளர்ப்புச் சோதனைகளுக்காக வாங்கிய மெட்-என்கெஃபலின் தூளைப் பற்றிய மதிப்பீடு இது. டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின், மெத்தியோனின் என்னும் ஐந்து அமினோ அமிலங்களே கொண்ட இந்தச் சிறிய பெப்டைடை, உடலே உண்டாக்கும் ஓபியாய்டாக (அபின் போல் வேலை செய்யும் பொருளாக) 1975-இல் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் மூளையிலிருந்து இனங்கண்டனர். இது உயிரணுப் பெருக்கத்துக்கும் கடிவாளமிடுகிறது என்பதைப் பின்னாளில் சாகன், மெக்லாஃப்லின் இருவரின் ஆய்வுகள் காட்டின. ஓபியாய்டுகள் உயிரணுவில் வந்து பிணையும் இடங்களான ஓபியாய்டு ஏற்பிகளை நாள் முழுவதும் அடைத்துவைக்கும் அளவு நால்ட்ரெக்சோன் என்னும் தடுப்பு மருந்தைப் பெற்ற எலிக்குட்டிகளின் மூளை, எடையிலும் உயிரணு எண்ணிக்கையிலும் மிஞ்சி வளர்ந்ததாக அவர்கள் 1983-இல் வெளியிட்டனர்.

தூளின் தூய்மையில் குறை சொல்ல ஏதுமில்லை. நிறை நிறமாலையில் மூலக்கூறு எடை 574-ஐ ஒட்டியே வந்தது. நீரில் எளிதாகக் கரைந்தது. மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்ததற்கான உச்சியும் தென்படவில்லை.

என் குறை தூளுடன் வந்த சான்றிதழைப் பற்றியது. பெப்டைடு டிரைஃபுளூரோஅசிட்டேட் உப்பாக வந்திருக்கிறது என்பதைச் சான்றிதழின் கடைசி வரியில் தேடித்தான் அறிய வேண்டியிருந்தது. ஏற்பிப் பிணைப்பை மட்டும் அளப்பவர்களுக்கு இது பெரிய சிக்கலாகாது. ஆனால் டிரைஃபுளூரோஅசிட்டேட் தானே சில வகை உயிரணுக்களின் பெருக்கத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், பெருக்கம் குறைவதையே விளைவாக எதிர்பார்க்கும் சோதனையில் பெப்டைடின் வேலை எது, உப்பின் வேலை எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். குப்பியில் எழுதியிருக்கும் எடையில் உப்பும் ஈரமும் சேர்ந்திருப்பதால், நிகர பெப்டைடு அளவு தெரியாமல் செறிவைக் கணக்கிடவும் இயலாது; அந்த எண் சான்றிதழில் எங்குமே இல்லை. மலிவான வேதிப்பொருள்களுக்கே இதைவிட விரிவான சான்றிதழ் வருகிறது.

இதை வாங்குவோர், அதே அளவு டிரைஃபுளூரோஅசிட்டேட் சேர்த்த ஒப்பீட்டுத் தட்டையும், நால்ட்ரெக்சோன் சேர்த்த தட்டையும் தவறாமல் வைக்க வேண்டும். நால்ட்ரெக்சோனால் மீளாத தடையை ஓபியாய்டு ஏற்பியின் கணக்கில் எழுதக் கூடாது. சீரம் உள்ள ஊடகத்தில் நொதிகள் இந்தப் பெப்டைடை விரைவில் சிதைத்துவிடுவதால், ஊடகத்தை மாற்றும்போதெல்லாம் புதிதாகச் சேர்ப்பது அவசியம். கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைப்பது நல்லது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அசிட்டேட் உப்பாகவும் நிகர அளவைக் குறிப்பிட்டும் அனுப்பினால், சற்று விலை கூடினாலும் இதே நிறுவனத்திடமே மறுபடி வாங்குவேன்.