குச்சியா, கம்பியா, வாயுவா? கச்சான் காற்றில் எந்த வெல்டிங் நிற்கும்

திருகோணமலையில் கச்சான் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மாலையில் கடற்கரையில் வறுத்துச் சுருளில் கட்டித் தருவது. மற்றது, வருட நடுவில் மேற்கிலிருந்து அனலாக வீசித் தகரக் கூரையைத் தடதடக்க வைப்பது. மல்டி புரோசஸ் வெல்டிங் பிளான்ட் என்பது நான்கு முறையில் ஒட்டும் ஒரே பெட்டி: குச்சி, வாயுவோடு கம்பி (மிக்), வாயு இல்லாத கம்பி, எரிந்து தீராத டங்ஸ்டன் முனையோடு ஆர்கன் வாயுவில் ஒட்டும் டிக். அதை வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. "வேலை சுவருக்குள்ளா, வெளியிலா?" என்றுதான் கேட்பேன். அதற்குக் காரணம் இந்த இரண்டாவது கச்சான்.

போன மாதம் நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி வந்தான். கேற், கிறில், படகு ஏற்றும் டிரெயிலர், விடுதிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகில் கைப்பிடிக் கம்பி என்று எல்லாம் செய்யப் போகிறானாம். "நான்கு மெஷின் ஒரே பெட்டியில் இருக்கிறது அண்ணை, பிறகு ஏன் யோசிக்க வேண்டும்?" என்றான். கடையில் சொல்லிக் கொடுத்த வசனம் அப்படியே வந்தது. பெட்டி ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் முனை வேறு, வாயு வேறு, கம்பியைத் தள்ளும் உருளை வேறு, கை பழக வேண்டிய விதமும் வேறு. நான்கில் இரண்டைத்தான் அவன் உண்மையில் பாவிக்கப் போகிறான். அந்த இரண்டு எவை என்பதே கேள்வி.

பழைய இரும்புப் பெட்டி எதிர் இன்வேர்ட்டர்

எங்கள் பட்டறை மூலையில் ஒரு பழைய ட்ரான்ஸ்போமர் பிளான்ட் இன்னும் கிடக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் அசையும். உள்ளே செப்புச் சுருளும் இரும்புமே தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் இத்தனை வருட உப்புக் காற்றையும் கிரைண்டர் தூசியையும் தின்று உயிரோடு இருக்கிறது. இன்வேர்ட்டர், அதாவது மின்னணுச் சுற்றால் இயங்கும் பாரம் குறைந்த புதிய வகை, அப்படியல்ல. அதன் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு உப்பீரமும் இரும்புத் தூளும் போய் மின்சுற்றுப் பலகையில் படிகின்றன. மாரியில் இரண்டு கிழமை சும்மா கிடந்த இன்வேர்ட்டரைத் திடீரென்று போட்டதும் 'டப்' என்று நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காகப் பழையதை வாங்கச் சொல்லவில்லை. அது மாறுதிசை மின்சாரம் தருவது. குச்சி நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்பொறியான வில் தளும்பும், மெல்லிய தகட்டைப் பொத்துவிடும், மின்சாரத்தையும் கூடுதலாக இழுக்கும். ஈர உடம்போடு வேலை செய்யும்போது நேர்திசையை விட மாறுதிசையே ஆபத்துக் கூடியது. கையில் தூக்கிப் போகக்கூடிய சிறிய குச்சி இன்வேர்ட்டரில் 2.5 மில்லிமீற்றர் 6013 என்ற பொது வேலைக் குச்சி வழுக்கிக்கொண்டு போகும். அதைக் கிரைண்டருக்கு எட்டத் தள்ளி, நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் வைத்தால் போதும். மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றி, கப்பாசிற்றர்களில் தேங்கிய மின்சாரம் வடியச் சற்று நேரம் விட்டு, உலர்ந்த காற்றை மெதுவாக ஊத வேண்டும். கேற்றும் கிறிலும் மட்டும் செய்கிறவர் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டு அதை வாங்கலாம்.

பெட்டியில் எழுதியிருப்பதும் பிளக் தாங்குவதும்

வெளியில் பெரிய எழுத்தில் 250 என்று ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு முறை நானே ஏமாந்தேன். பின்பக்கத் தகட்டைப் படித்தபோதுதான் உண்மையான உச்சம் 160 என்று தெரிந்தது. அந்தத் தகட்டில் 'எக்ஸ்' என்ற எழுத்துக்கு எதிரே ஒரு சதவீதம் இருக்கும். 200 ஆம்பியரில் 20 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஒட்டலாம், எட்டு நிமிடம் ஆற விட வேண்டும். மின்னோட்டத்தைக் குறைத்தால் இந்த நேரம் வேகமாகக் கூடும். அதே பிளான்ட் 120 ஆம்பியரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கும். சர்வதேசத் தரப்படி இந்தக் கணக்கு 40 பாகை வெப்பத்தில் எடுக்கப்பட வேண்டும். மலிவான சிலவற்றில் 25 பாகையில் எடுத்த எண்ணைப் போட்டிருப்பார்கள். நம் தகரக் கூரையின் கீழ் மத்தியானம் 25 பாகை எங்கே இருக்கிறது?

மின்சாரத்தைப் பொறுத்தவரை முறைகளுக்கிடையே ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. அதே 120 ஆம்பியரில் குச்சியின் வில்லுக்கு ஏறத்தாழ 25 வோல்ற் வேண்டும், மிக்குக்கு 20, டிக்குக்கு 15. அதாவது குச்சி 3000 வாற் கேட்கும் இடத்தில் டிக் 1800 வாற்றோடு முடித்துக்கொள்ளும். இவை வில்லில் செலவாகும் அளவுகள். பிளான்ட்டின் இழப்பையும் சேர்த்தால் 3.2 மில்லிமீற்றர் குச்சிக்குச் சுவரிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் சதுரப் பிளக்கில் அது நடக்காது. பிளக் உருகிய மணம் வந்த பிறகுதான் பலருக்கு இது புரிகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் 30 ஆம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. ஆகவே பிளான்ட்டுக்கென்று தனி வயரும் தனி பிரேக்கரும் இழுப்பதே சரி, அதையும் அனுமதி பெற்ற மின்னியலாளரே செய்ய வேண்டும். நீட்டு வயர் தேவையென்றால் தடித்தது வேண்டும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 25 மீற்றர் தூரத்துக்கு 20 ஆம்பியர் போனால் வழியிலேயே 12 வோல்ற் தொலைந்துவிடும். உருளையில் சுற்றியபடியே பாவித்தால் அது அடுப்பாகிவிடும்.

வாயுவோடு கம்பியா, வாயு இல்லாமல் கம்பியா

மல்டி புரோசஸ் பிளான்ட்டுக்குப் பணம் கொடுப்பதற்கான உண்மையான காரணம் கம்பிதான். குச்சி மாற்ற நிற்க வேண்டியதில்லை, பழகுவதும் இலகு. ஆனால் கம்பியில் இரண்டு சாதி உண்டு.

ஒன்று செப்புப் பூச்சுள்ள திண்மக் கம்பி. இதற்கு வெளியிலிருந்து வாயு வேண்டும்: சாதாரண இரும்புக்கு வெறும் காபனீரொட்சைட்டு, அல்லது ஆர்கனும் அதுவும் கலந்தது. கலவையில் பொறி குறைவு, தையல் (ஒட்டிய தடம்) அழகு. கதவு மூடிய அறைக்குள் 1.5 மில்லிமீற்றர் பெட்டிக் குழாயை ஒட்ட இதைவிட நல்லது இல்லை. நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் வாயு போதும். ஆனால் மணிக்கு 8 கிலோமீற்றர் காற்று வீசினாலே வாயுத் திரை கலையத் தொடங்கும். அது விரைவாக நடக்கிறவனின் வேகம்தான். கச்சான் அதைப் போல் பல மடங்கு. வாயு கலைந்த தையலை ஆறிய பிறகு பார்த்தால் அப்பத்தின் நடுவைப் போல் துளை துளையாக இருக்கும். வாயுவைக் கூட்டித் திறந்தால் சரியாகும் என்று நினைப்பார்கள். கூட்டினால் அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மற்றது உள்ளே மருந்து நிரப்பிய குழல் கம்பி. கடைகளில் காஸ் இல்லாத வயர் என்பார்கள். மருந்து எரிந்து தானே காப்பு வாயுவையும் கசடையும் உண்டாக்குகிறது, குச்சியைப் போலவே. வெளி முற்றத்தில், டிரெயிலரின் அடியில் படுத்துக்கொண்டு ஒட்டும்போது இதுதான் கைகொடுக்கும். புகை கூடுதல், கசடு தட்ட வேண்டும், தையல் அவ்வளவு அழகில்லை, மிக மெல்லிய தகட்டுக்கு ஆகாது. இவ்வளவும் இருந்தும் திறந்த வெளியில் வேலை செய்கிறவருக்கு நான் இதையே சொல்வேன். சிலிண்டர் தீர்ந்தால் மாற்றி எடுத்து வர எங்கள் பட்டறையில் சில நேரம் ஒரு கிழமை போய்விடுகிறது. வாயுவில்லாக் கம்பிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

இங்கேதான் எல்லோரும் சறுக்கும் இடம் வருகிறது. பிளான்ட்டின் முன்பக்கத்தில் ஒரு குட்டை வால் போல் வயர் தொங்கும். சிலவற்றில் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு திருகாணிகள் இருக்கும். கையில் பிடித்து ஒட்டும் டோர்ச் மின்சாரத்தின் நேர்முனையில் இருக்கிறதா எதிர்முனையில் இருக்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வாயுவோடு திண்மக் கம்பி என்றால் டோர்ச் நேர்முனையில். வாயுவில்லாக் கம்பி என்றால் பெரும்பாலும் எதிர்முனையில். கம்பிச் சுருளின் உறையிலேயே எழுதியிருக்கும். எங்கள் பையன் ஒருவன் இதை மாற்றாமல் ஒட்டினான். சட்டியில் நெல் பொரிவது போல் சடசடவென்று பொறி பறந்தது. தையல் இரும்பின் மேல் மண்புழு போல் படுத்துக் கிடந்தது, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் முழுதாகக் கழன்று வந்தது. கம்பி கெட்டுப்போய்விட்டது என்று சுருளையே எறியப் பார்த்தான். வாலைக் கழற்றி மற்றத் துளையில் செருகி கால் சுற்று முறுக்கினேன். அதே கம்பி எண்ணெய் ஊற்றியது போல் ஓடியது.

மற்றவை சின்னச் சின்னது. திண்மக் கம்பிக்கு வெட்டு வழவழப்பான உருளை, குழல் கம்பிக்குப் பல் வைத்த உருளை. அழுத்தத்தை அளவோடு முறுக்க வேண்டும். கூடினால் குழல் கம்பி நசுங்கும். கம்பியின் நுனி வெளியே நீளும் அளவு திண்மத்துக்கு 10 மில்லிமீற்றர், குழலுக்கு 15 முதல் 20. கசடு வரும் கம்பியை இழுத்துக்கொண்டு போக வேண்டும், தள்ளக் கூடாது. மின்னோட்டத்துக்குத் தடிப்பு மில்லிமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்று தொடங்கி, கழிவுத் துண்டில் ஒட்டிப் பார்த்துத் திருத்தலாம். இரவில் கம்பியைப் பிளான்ட்டிலேயே விட்டுப் போனால் காலையில் செந்துரு பூத்திருக்கும். கழற்றி மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

டிக்: ஆசையும் கணக்கும்

விடுதிக் கைப்பிடிகளுக்கு டிக் போல் வேறில்லை. 1.5 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் நாணயம் அடுக்கியது போல் தையல் விழும். தூய ஆர்கன் வேண்டும், டோர்ச் எதிர்முனையில். மலிவான மல்டி புரோசஸ் பிளான்ட்டுகளில் பெரும்பாலும் தொட்டுத் தூக்கி வில் எழுப்பும் வகைதான் வரும். வாயுவை டோர்ச்சின் பிடியிலுள்ள திருகியால் கையால் திறந்து மூட வேண்டும். இதெல்லாம் பழகிவிடலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: அந்தப் பெட்டி நேர்திசை மட்டும் தருவது என்றால் அதில் அலுமினியத்தை டிக் செய்ய முடியாது. அலுமினியத்தின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலத்தை உடைக்க மாறுதிசை தேவை. 'எல்லா உலோகமும்' என்று கடையில் சொன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

உலோகத் தெரிவிலும் கவனம் வேண்டும். கடலோரத்தில் 304 வகை எஃகு சில மாதங்களில் தேநீர்க் கறை போல் பழுப்படிக்கும். 316 வகையில் மொலிப்டினம் இருப்பதால் நெடுநாள் தாங்கும், நிரப்புக் கம்பியும் அதே வகையாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பைத் தேய்த்த தூரிகையை அதில் வைத்தால் நீங்களே துருவை விதைக்கிறீர்கள். டிக்கும் கச்சானுக்கு முன் நிற்காது. மிக்கை விடவும் மெல்லிய மனசு அதற்கு.

உயிர் சம்பந்தப்பட்டவை

வீட்டின் ட்ரிப் சுவிச் காப்பாற்றும் என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். பிளான்ட்டின் வெளியீடு உள்ளே தனியாகப் பிரிக்கப்பட்டது; குச்சிக்கும் இரும்புக்கும் நடுவில் உங்கள் உடம்பு சிக்கினால் அந்தச் சுவிச்சுக்குத் தெரியாது. ஒட்டாமல் சும்மா இருக்கும்போது குச்சியில் 60 முதல் 80 வோல்ற் வரை நிற்கலாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு, ஈர மணலில் முழங்காலூன்றி, ஓட்டைக் கையுறையோடு அதைத் தொடுவது விளையாட்டல்ல. உலர்ந்த தோல் கையுறை, காலடியில் பலகை, சும்மா இருக்கும்போது மின்னழுத்தத்தைக் குறைக்கும் வசதியுள்ள பிளான்ட் என்ற மூன்றுக்கும் செலவழியுங்கள். ஏர்த் கிளிப் என்று நாம் சொல்வது பாதுகாப்பு ஏர்த்தே அல்ல, மின்னோட்டம் திரும்பி வரும் பாதை. ஒட்டும் இடத்துக்கு அருகில், பெயின்ற் சுரண்டிய இரும்பில் கடிக்க விடுங்கள். டிரெயிலரின் ஒரு முனையில் கிளிப்பைப் போட்டு மறுமுனையில் ஒட்டினால் நடுவிலுள்ள சில்லின் பெயாரிங்கைக் கெடுத்துவிடுவீர்கள்.

படகு டிரெயிலர் என்றால் நாகப் பூச்சுக் குழாய். அதை அப்படியே ஒட்டினால் வெள்ளைப் புகை எழும். அன்றிரவு குளிர், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை. நானும் பட்டிருக்கிறேன், மறுநாள் தானே இறங்கியது. பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது இங்கே எல்லாப் பட்டறைகளிலும் சொல்லப்படுகிறது. பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூச்சை அரைத்து நீக்கிவிட்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து அல்லாமல் பக்கவாட்டில் வரும்படி நின்று, புகைக்கேற்ற முகமூடியோடு ஒட்ட வேண்டும். கண்ணில் வில் அடித்தால் தாய்ப்பால் விடுவதும் அதே ரகம், வைத்தியரிடம் போங்கள்.

ஆர்கனும் காபனீரொட்சைட்டும் காற்றை விடப் பாரமானவை. படகின் ஐஸ் அறை, தண்ணீர்த் தொட்டி போன்ற குழிந்த இடங்களில் அடியில் தேங்கிச் சத்தமில்லாமல் ஒட்சிசனை வெளியேற்றிவிடும். கண்ணாடியிழைப் படகின் கைப்பிடியைப் படகிலிருந்து கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பிசின் எரிந்தால் அணைப்பது பெரும்பாடு. மண்ணெண்ணெய் இருந்த பரலை, எத்தனை வருடம் காலியாகக் கிடந்தாலும், நான் தொடுவதில்லை. சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலி போட்டு வைக்க வேண்டும். காபனீரொட்சைட்டுச் சிலிண்டருக்குள் பெரும்பாலும் திரவமாக இருப்பதால் மானி முள் கடைசிவரை அசையாது. மிச்சம் தெரிய நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நிலாவெளித் தம்பி கடைசியில் நேர்திசை மல்டி புரோசஸ் பிளான்ட் ஒன்றை வாங்கினான். சிலிண்டர் வாங்க வேண்டாம் என்றேன், முதல் ஆறு மாதத்துக்குக் குச்சியும் வாயுவில்லாக் கம்பியும் போதும். விடுதி வேலை கையில் வந்த பிறகு ஆர்கன் எடுக்கலாம். மிச்சப் பணத்தில் தனி வயர் இழுக்கச் சொன்னேன். முந்தநாள் தொலைபேசியில் கூப்பிட்டான்: "அண்ணை, காஸ் இல்லாத வயர் சரியில்லை போல, ஒரே பொறி." வால் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.