மலை ஏரிக்கு ஃபோம் லைஃப் ஜாக்கெட்: வாங்கலாமா?

கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும் ரகம் வேண்டாம் என்றுதான் இந்த ஃபோம் ஜாக்கெட்டை வாங்கினேன். மலை ஏரித் தண்ணீர் கோடையிலும் 10 டிகிரியைத் தாண்டாமல் இருக்கலாம். விழுந்தவுடன் மூச்சு தானாக இழுக்கும், அந்த முதல் ஒரு நிமிடம் முகம் தண்ணீருக்கு மேலே இருந்தாக வேண்டும், 10 நிமிடத்தில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, அப்போது போய்க் கயிற்றைத் தேடவா முடியும்? இதைப் போட்டிருந்தாலே மிதக்கும்.

கைத்துளை அகலம், துடுப்புப் போடும்போது அக்குள் உரசவில்லை. ஜிப்தான் குறை, ஈரமானால் சண்டித்தனம் செய்கிறது. அப்புறம், பக்கப் பட்டைகளை இறுக்காவிட்டால் காதுவரை ஏறிவிடும், போட்டுக்கொண்டு, கூட இருப்பவரிடம் ஜாக்கெட்டின் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரை இது தடுக்காது. அதற்கு வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) தனியாக வேண்டும். நிறத்தில் சாம்பலை விடுங்கள், ஆரஞ்சுதான் தூரத்திலிருந்து தெரியும்.