விடிகாலை 4 மணி எஸ்எம்எஸ்: க்ரானா, சிஸ்டம்டி டைமரா, செலரியா?

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாக திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு நாட்களில் விடிகாலை 4 மணிக்கு, கடலுக்குப் போவதற்கான மீன்வளத் துறை டோக்கன் வாங்கக் கிளம்பும் முன்பே, காற்று அலை நிலவரத்தைப் படகு உரிமையாளர்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒரு ஜாங்கோ (பைத்தான் வலைச் சட்டகம்) செயலியை எடுத்துக்கொள்வோம். அந்த வேலையைத் தட்டி எழுப்புவது எது?

முதலில் கைக்கு வருவது க்ரான், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் பழைய லினக்ஸ் கருவி. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் நம் 4 மணி அங்கே முந்தைய இரவு 22:30. கிழமையும் ஒரு நாள் பின்னால் போகும்: திங்கள், புதன், சனிக்கு எழுத வேண்டியது 30 22 * * 0,2,5 (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை; ஞாயிறு 0). மணியை மாற்றிவிட்டு 1,3,6 என்றே விட்டால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் செய்தி போகும். டெபியன், உபுண்டு க்ரானில் பயனருக்கு ஒரு நேர மண்டலம் வைக்க வழியில்லை.

மீன்பிடித் தடைக்காலம் இன்னொரு பொறி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு போகாது. இதை க்ரான் வரியிலேயே சொல்ல முயலக் கூடாது. தேதிக் கட்டம், கிழமைக் கட்டம் இரண்டையும் நிரப்பினால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே வேலை ஓடிவிடும். தடைக்காலச் சோதனை பைத்தான் கோடுக்குள் இருக்கட்டும்.

லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் டைமரில் 'மன்,வெட்,சாட் 04:00 ஏசியா/கொல்கத்தா' என்ற பொருளில் நேர மண்டலத்தோடே எழுதிவிடலாம். கிழமைக் கணக்கே வேண்டாம். முந்தைய ஓட்டம் முடியாவிட்டால் அதே சர்வீஸ் இரண்டாவது முறை தொடங்காது. க்ரானில் இதற்கு ஃப்ளாக் என்ற கோப்புப் பூட்டு தனியாகப் போட வேண்டும். லாக் எல்லாம் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் கிடைக்கும். எவ்வளவு தள்ளி ஓடலாம் என்று சொல்லும் அக்யூரசி அமைப்பு இயல்பாக 1 நிமிடம், அதனால் சில நொடி தள்ளி ஓடினால் பதற வேண்டாம்.

கரண்ட் போய் சர்வர் 4 மணிக்கு அணைந்திருந்தால்? க்ரான் அந்த ஓட்டத்தை மறந்துவிடும். டைமரில் பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பை வைத்தால் சர்வர் எழுந்ததும் விட்டதை ஓட்டும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 10 மணிக்குப் போகும் 'காலை நிலவரம்' படகு துறையை விட்ட பிறகு வரும் பழைய செய்தி. அதனால் கோடு முதலில் மணியைப் பார்க்க வேண்டும்: 5:30 தாண்டியிருந்தால் அனுப்பாமல் பொறுப்பாளருக்கு மட்டும் தகவல். மாறாக, மீன் வரத்துக் கணக்கைத் தொகுக்கும் இரவு வேலைக்குப் பெர்சிஸ்டன்ட் கட்டாயம் வேண்டும்.

செயலிக்குள்ளேயே ஷெட்யூலர் (நேரம் பார்த்து வேலையை ஓட்டும் பகுதி) வைப்பது வேண்டாம். செயலியை ஓட்டும் கன்னிகார்ன் 4 வொர்க்கரோடு (செயலியின் தனித்தனி நகல்கள்) ஓடினால் ஷெட்யூலரும் நான்காகும். ஒரே படகு உரிமையாளருக்கு நாலு எஸ்எம்எஸ். அப்படி வந்தால் அடுத்த எச்சரிக்கையை யார் மதிப்பார்?

எஸ்எம்எஸ் நுழைவாயில் தடுமாறும்போது மறுமுயற்சி வேண்டும், ஆயிரக்கணக்கான எண்கள் என்றால், வேலைகளை வரிசையில் வைத்து வொர்க்கர்களிடம் பிரித்துக் கொடுக்கும் செலரிக்கு மதிப்பு உண்டு. அதன் நேரம் பார்க்கும் பகுதியான பீட் ஒன்றே ஒன்றுதான் ஓட வேண்டும், டைம்சோன் அமைப்பை இயல்பான யூடிசியிலிருந்து மாற்ற வேண்டும். முந்தின நாள் மாலையே வேலையை வரிசையில் போட்டு 4 மணிக்கு நேரம் குறிப்பது ஆபத்து. வரிசையை வைத்திருப்பது ரெடிஸ் என்றால், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நேரமான விசிபிலிட்டி டைம்அவுட் இயல்பாக 1 மணி நேரம். அதற்குள் ஒப்புதல் வராத வேலை வேறு வொர்க்கருக்கும் கொடுக்கப்படும், செய்தி இரட்டிப்பாகும்.

எதை எடுத்தாலும் அனுப்பிய பதிவு அட்டவணையில் தேதி, படகு எண், செய்தி வகை மூன்றுக்கும் சேர்த்து யுனிக் கட்டுப்பாடு (அதே மூன்றும் இரண்டாவது முறை ஏறாது) போட்டு, எஸ்எம்எஸ் அனுப்பும் முன்பே அந்த வரியைச் செருகுங்கள். செருகல் தோற்றால் அனுப்பாதீர்கள். செருகிய பின் நுழைவாயில் பிழை தந்தால் அதே வரியில் நிலையை 'தோல்வி' என மாற்றி, மறுமுயற்சி அந்த வரிகளை மட்டும் எடுக்கட்டும். ஒரே சர்வர், சில நூறு படகு என்றால் டைமரும் இந்த அட்டவணையும் போதும். செலரியை எண்ணிக்கை கூடும்போது சேர்க்கலாம்.