வேலைக்குத் திரும்பும் தாய்க்கு எந்தப் பால் பம்ப்? வேலூர் வெயிலில் ஒரு மதிப்பீடு

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போதே பல தாய்மார்களுக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். வேலை பிடிக்காமல் இல்லை. 'நான் போயிட்டா புள்ள என்னத்தக் குடிக்கும்?' என்பதுதான் உறுத்தல். அந்தப் பதற்றத்தில் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே விலை கூடிய பம்ப்பை வாங்கி வருவார்கள். ஒரு மாதத்தில் அது பீரோ மேல் ஏறிவிடும். பம்ப் மோசம் என்பதால் அல்ல. பார்க்கும் வேலைக்கும் அந்தப் பம்ப்புக்கும் பொருத்தமில்லை என்பதால்.

முதலில் கணக்கு. 2017-ல் வந்த சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவர் திரும்பும்போது பிள்ளைக்கு 18 வாரம், அதாவது நாலு மாதம் சொச்சம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதற்கும் வருகைப் பதிவேட்டுக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டு மாதம் தொங்குகிறது. மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருட விடுப்பு. அவர்கள் திரும்பும்போது பிள்ளை இட்லியே சாப்பிடும். ஆகவே இந்த மதிப்பீடு ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் ஷூ கம்பெனி, தனியார் ஆஸ்பத்திரி, தனியார் பள்ளி, காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கு ஓடுகிறவர்கள் ஆகியோருக்கானது.

பம்ப் வாங்கும் முன் ஒன்றை விசாரியுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்த்து வரலாம் என்பதும் அதே திருத்தம் சொன்னது. காப்பகம் வேலையிடத்திலேயோ நடந்து போகிற தூரத்திலேயோ இருந்தால் பம்ப்பே வேண்டாம். நேரே பாலூட்டுவதை எந்த மெஷினும் மிஞ்சாது. காப்பகம் தூரம், அல்லது பிள்ளை சத்துவாச்சாரியில் பாட்டியிடம், தாய் வாலாஜாவில் லைனில் என்றால்தான் மேலே படிக்க வேண்டும்.

கையால் அழுத்தும் பம்ப். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும். புனல், பிடி, சிலிக்கான் சவ்வு, வால்வு, பாட்டில், அவ்வளவுதான் பாகங்கள். கரண்ட் வேண்டாம், சத்தமில்லை, கைப்பையில் அடங்கும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் சின்னச் சின்னதாக வேகமாக அழுத்த வேண்டும். பால் இறங்கத் தொடங்கியதும் நிதானமாக, நீளமாக. ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 நிமிடம். நாளுக்கு ஒருமுறை எடுப்பவருக்கு இதுவே போதும். குறை என்னவென்றால் மணிக்கட்டு. பிரசவத்துக்குப் பிறகு கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி பலருக்கு வரும்; பிள்ளையைத் தூக்கித் தூக்கி வருவது அது. நாள் முழுக்க ஷூ மேல்பாகம் தைக்கிற கைக்கு இந்தப் பம்ப்பையும் கொடுத்தால் வலி இரட்டிப்பாகும். அவர்கள் இதை வாங்க வேண்டாம்.

ஒற்றை மின் பம்ப், சார்ஜ் போட்டு ஓடுவது, இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள். எங்கள் பரிந்துரை பெரும்பாலும் இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு: வால்வு தனியாகக் கிடைக்கிற மாடலாக இருக்க வேண்டும். இரட்டை பம்ப் விலை கூடுதல். ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து 15 நிமிடத்தில் முடிந்துவிடும். டீ பிரேக்குக்குள் எடுத்தாக வேண்டிய நர்ஸுக்கு அந்தக் கால் மணி நேர மிச்சம் பெரிய விஷயம். எதுவானாலும் உறிஞ்சும் விசையைக் கடைசி எண்ணுக்கு ஏற்றினால் பால் கூடாது. வலிதான் கூடும், வலி வந்தால் பால் இறங்காது. வலிக்காத அளவில் மேலான எண் எதுவோ அதுதான் உங்கள் எண்.

உடைக்குள் வைத்துக்கொள்ளும் பம்ப் இப்போது விளம்பரத்தில் சக்கைப்போடு போடுகிறது. குனிந்தால் சிந்தும். காம்பு புனலின் நடுவில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. மலிவான மாடல்களில் இழுவை குறைவு, பாதிப் பால் உள்ளேயே தங்கும், தங்கினால் கட்டும். அமர்ந்த இடத்தில் வேலை, தனி அறை இல்லை என்பவருக்கு மட்டும் பரவாயில்லை. முன்பக்கக் கொக்கி வைத்த ரவிக்கையும் முந்தானையும் இருக்கிறவருக்குச் சாதாரணப் பம்ப்பே மறைவாக அமையும். பாலூட்டும் போர்வை என்று தனியாக விற்பதற்கும் செலவழிக்க வேண்டாம்.

பம்ப்பை விட முக்கியம் புனல் அளவு. பெட்டியில் பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர்தான் வரும். காம்பின் அடிப்பகுதியின் அகலத்தை ஸ்கேலில் மில்லிமீட்டரில் அளந்து, அதோடு 1 முதல் 3 வரை கூட்டிக்கொள்ளுங்கள். பெரிதானால் காம்பைச் சுற்றிய கருவளையமும் சேர்ந்து உள்ளே இழுபடும். சிறிதானால் காம்பு உரசிப் புண்ணாகும். அளவு குறைக்கும் சிலிக்கான் வளையம் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுப் பார்த்துவிட்டு 'எனக்கு மெஷின் ஒத்துக்கல' என்று சொல்லலாம்.

'புது பம்ப்புதான், திடீர்னு இழுக்கல' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் வால்வு. வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அந்த ரப்பர் துண்டின் வாய் சற்றே திறந்து நின்றாலும் காற்று கசியும். பிரஷ் விட்டுத் தேய்க்கக் கூடாது. சோப்பு நீரில் அலசி, 5 நிமிடம் கொதிக்க வைத்து, காற்றில் உலர விட வேண்டும். தினமும் பலமுறை எடுப்பவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். வால்வு சரி என்றால் அடுத்தது சார்ஜ். அது இறங்கினாலும் இழுவை குறையும். குழாயில் ஈரம் கோத்திருந்தால் புனலைக் கழற்றிவிட்டு மோட்டாரை இரண்டு நிமிடம் ஓட விட்டால் காய்ந்துவிடும்.

இனி வெயில். பாலை வெளியே 4 மணி நேரம் வைக்கலாம் என்று பம்ப் கையேடுகளில் போட்டிருப்பது 25 டிகிரி வரைக்கும்தான். வேலூரில் மே மாதம் 40 தாண்டுகிறது; ஷெட்டுக்குள் லாக்கரில் இன்னும் அதிகம். எடுத்த கையோடு குளிர்ப்பையில் போக வேண்டும். நன்றாக உறைந்த ஐஸ் பேக் இரண்டு, பாட்டிலின் இருபுறமும் ஒட்டி நிற்கும்படி வைத்தால் 24 மணி நேரம்வரை தாங்கும் என்பது பொது விதி. எங்கள் கோடைக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பேக் இல்லையென்றால் முந்தின இரவே தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்தால் அதே வேலையைச் செய்யும். நல்ல எவர்சில்வர் பிளாஸ்க்கும் ஆகும்: பத்து நிமிடம் ஐஸ் போட்டு வைத்து, ஐஸைக் கொட்டிவிட்டு, குளிர்ந்த பாலை ஊற்ற வேண்டும். சூடாக எடுத்த பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு உடனே கலக்கக் கூடாது, தனியாகக் குளிர்ந்த பிறகே.

வீட்டில் பிரிட்ஜின் உள்பக்கத் தட்டில் 4 நாள். கதவுப் பக்கம் வேண்டாம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாகும். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் மேல் ஐஸ் பெட்டியில் இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பிரிட்ஜுக்குள்ளேயே வைத்து உருகியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. அடுப்பில் காய்ச்சாமல் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளமல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். லேசான சோப்பு வாசனையும் பாலில் இருக்கும் நொதியின் வேலைதான். இது தெரியாமல் பாட்டிமார் கீழே ஊற்றிய பால் கொஞ்சநஞ்சமல்ல. புளித்த வாடை வந்தால்தான் கொட்ட வேண்டும்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? தாய் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி. பத்து மணி நேரம் என்றால் 300 முதல் 450. வேலையில் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து விடியற்காலை ஒருமுறை 60 மில்லி எடுத்து வைத்தால் 840 மில்லி சேரும். ஏறத்தாழ இரண்டு நாள் ஓடும். அதற்குமேல் பிரீசரை நிரப்ப வேண்டியதில்லை. வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது மறுநாளைக்கு ஆகும். முதல் நாள் 30 மில்லி மட்டும் வந்ததைப் பார்த்து 'பால் வத்திப்போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளை குடித்து முடித்த பிறகு எடுத்தால் அவ்வளவுதான் வரும்.

கொடுப்பதற்குப் புட்டி வேண்டாம், மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையே போதும். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் தொட்டு வைத்தால் அதுவாக உறிஞ்சும். உள்ளே ஊற்றினால் புரையேறும். கழுவுவதும் எளிது, இந்த வெயிலில் புட்டி ரப்பரில் தங்கும் அழுக்குக்கு இது எவ்வளவோ மேல். பழக்குவது பாட்டியோ ஆயாவோ ஆக இருக்கட்டும். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பாலாடையைத் தட்டிவிடும்.

வாங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி பிரித்த பம்ப்பைச் சுகாதாரக் காரணம் சொல்லி யாரும் திரும்ப எடுப்பதில்லை. ஆன்லைனில் கொஞ்சம் மலிவு, ஆனால் வால்வு கிழிந்தால் புதிது வர நாலைந்து நாள். அதற்குள் பால் கட்டிவிடும். ஆற்காடு ரோட்டு மருந்துக் கடைகளில் வாங்குவதானால் பம்ப்போடு இரண்டு வால்வும் சேர்த்துக் கேளுங்கள். 'வால்வு தனியா வராதும்மா' என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். பால் புட்டியையும் பவுடர் பாலையும் பரிந்து பேசுகிற கடைக்காரருக்கு, அவற்றை விளம்பரப்படுத்த 1992-ம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருப்பதை நினைவூட்டலாம்.

மார்பில் ஒரு பக்கம் சிவந்து, கெட்டியாகி, காய்ச்சலும் வந்தால் பால் எடுப்பதை நிறுத்தாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று: பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், காரணமின்றி அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது லீவு முடிகிற தயக்கம் அல்ல, எந்தப் பம்ப்பும் அதைத் தீர்க்காது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சேரும் நாளைத் திங்களில் வைக்காமல் வியாழனாகக் கேட்டுப் பாருங்கள். மூன்று ஷிஃப்ட் முடிந்ததும் ஞாயிறு வந்துவிடும். எந்த நேரத்தில் மார்பு கனக்கிறது, ஐஸ் எத்தனை மணிவரை தாங்குகிறது, பிள்ளை எவ்வளவு மிச்சம் வைத்தது என்று பார்த்து அளவைத் திருத்திக்கொள்ள அந்த ஒரு நாள் போதும்.